இறகில் என் நம்பர்

“வெளிமாநிலத்தாருக்கு வீடு இல்லை.”
தகரத்தில் சிவப்பு எழுத்து, கீழே என் செல் நம்பர்.
எழுதியது நான்தான்.
‘தாருக்கு’ என்று மரியாதை வைத்துத்தான்.

ஈரான்காரப் பெண், பெயர் மஹ்னாஸ்,
கேட்டைத் தட்டினாள்.
வீடு கேட்கவில்லை. போர்டைக் கேட்டாள்.
ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்தேன்,
வேறு எழுதிக்கொள்ளலாம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய ஜவ்வரிசி குடோன்.
ஞாயிறு மாலை சும்மாதான் போனேன்.
கூரையிலிருந்து கம்பியில் தொங்கியது பறவை.
ஸீமுர்க்காம்.
வெள்ளை முடியோடு பிறந்ததற்காக
அப்பன் மலையில் போட்டுவிட்டு வந்த பிள்ளையைக்
கூட்டில் வைத்து வளர்த்ததாம்.
ஆபத்தென்றால் எரி, வருகிறேன் என்று
இறகொன்று கொடுத்தனுப்பியதாம்.

இறகெல்லாம் போர்டுகள்.
குகை, அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி…
சில கையெழுத்துகள் எனக்குத் தெரிந்தவை.
கீழே, சாக்குக் கூட்டுக்குள்,
ஷிப்ட் முடிந்து நேரே வந்தவர்கள்
கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.
கிழங்கு மாவு அப்பி
இருபது வயதுக்காரனுக்கும் தலை முழுக்க நரை.

என் தகரம் இடது சிறகில், மூன்றாவது.
மின்விசிறிக் காற்றுக்கு ஆடியது.
யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

ராத்திரி பத்தரைக்கு போன்.
“சார், பறவையில நம்பர் பார்த்தேன்.
புத்ராம். ஜார்க்கண்ட்.
வீடு வேணாம் சார்.
பொண்டாட்டிக்கு வலி. ஆட்டோ வரல.”

எந்தத் தெரு என்றேன்.
என் தெருவுக்கு அடுத்தது.
உனக்கு யார் வீடு கொடுத்தது என்று
நாக்கு நுனிவரை வந்தது.

கார் சாவி ஆணியில் இருந்தது.
சட்டையைத்தான் காணோம்,
வீடெல்லாம் தேடுகிறேன்.