தயாரித்த நாடு

படிவத்தில் ஐந்தாவது கட்டம்.
எக்ரூஸ் அம்மாள் பேனாவை மூடாமல் காத்திருக்கிறாள்.
தம்பேரே, ஜூலை, ராத்திரி பத்துமணி,
ஜன்னலில் இன்னும் வெளிச்சம்.
"ஒரு சொல் போதும்" என்கிறாள்.
"பிரான்ஸ் என்று போட்டுவிடட்டுமா?"

பொறுங்கள்.
உடல் பிரான்ஸ்தான்.
அலுமினியமும் ஒட்டுமரமும் சேர்ந்த தோலின் உட்பக்கம்
பாரிஸ் பக்கத்தில் யாரோ பென்சிலில் போட்ட கணக்கு
இன்னும் அழியவில்லை.
பதினேழும் எட்டும் இருபத்தாறாம்.
அந்த நாடு விழுந்த பின்
ஜெர்மன்காரன் வாரிக்கொண்டு போய்
எங்களுக்கு விற்றான்.

எஞ்சின் ரஷ்யா.
அதுவும் அவன் வேறொரு காட்டில் பிடித்ததுதான்,
அதற்கும் விலை வாங்கினான்.
நேஸ்தோரி பெட்டியை உடைத்ததும்
நான்தான் எழுத்துக்கூட்டினேன்:
எண்ணெய். அழுத்தம். ஈரம் படாமல் வை.
ஸல்மியில் பிறந்தவளுக்கு அந்த எழுத்து தெரியும்.
(ஸல்மி எந்த நாடு என்று
இந்த வாரம் என்னைக் கேட்காதீர்கள்.)

ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால்
உள்ளே படுத்திருப்பது பழைய பிரெஞ்சு எஞ்சின்.
மாஸ்கோ உரிமம் வாங்கிப்
பனிக்குத் தடிக்கவைத்திருக்கிறது.
செய்த கம்பெனி பெயரில் பாதி ஸ்பெயின்,
வரைந்த கை சுவிட்சர்லாந்து.
சங்கிலியில் கட்டி உடலுக்குள் இறக்கினோம்.
அதிகம் அறுக்காமலே உட்கார்ந்துகொண்டது.
"பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது சனியன்"
என்றான் நேஸ்தோரி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

எண்ணெயைக் குளிர்விப்பது மெஸ்ஸர்ஷ்மிட்டில் கழற்றியது.
மூக்கு வழியே சுடும் பீரங்கி ஜெர்மனி.
சிறகில் நீலக் குறி,
என்றோ ஒரு ஸ்வீடன் பிரபு நம்பிய அதிர்ஷ்டம்.
பச்சை வர்ணம் எங்களுடையது.
பெயரும் எங்களுடையது: பூச்சாண்டி.

கட்டத்தின் அகலம் இரண்டு விரற்கடை.
வீட்டில் ஸ்வீடிஷ் பேசும் எக்ரூஸ் அம்மாள்
பின்லாந்து என்று எழுதி
மையை ஒற்றினாள்.

ஆகஸ்ட் வரை அது கிழக்கே பறந்தது,
தன் எஞ்சினை வார்த்தவர்களின் பிள்ளைகளைச் சுட.
செப்டம்பரில் கையெழுத்தாயிற்று.
அக்டோபரில் வடக்கே அனுப்பினார்கள்,
அதே பீரங்கி, அதே குண்டுப் பெட்டி,
இம்முறை ஜெர்மன்காரர்களைத் தேடி.
நானும் நேஸ்தோரியும் லாரியில் பின்னால் போனோம்.

ஒரு மத்தியானம் வயிற்றில் நான்கு ஓட்டையோடு இறங்கியது.
ஸொரியோனென் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான்.
பூச்சாண்டியில் முழுக்க இந்த நாடு
அவன் ஒருவன்தான்,
அம்மா எஸ்தோனியா என்பதை விட்டுவிட்டால்.

விலாக்கம்பியில் சிக்கிய குண்டைக் குறடால் பிடுங்கினேன்.
இருபது மில்லிமீட்டர்.
எங்கள் பெட்டியில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துப்
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
நேஸ்தோரியும் பார்த்தான்.
இரண்டையும் வாளியில் போட்டோம்.

ஒட்டுப்போடத் தகடு இல்லை.
கிடங்கில் கிடைத்தது,
கோடையில் விழுந்த ஒரு விமானத்தின் சிறகுத் துண்டு.
அமெரிக்காவில் செய்து ரஷ்யர்கள் ஓட்டியது.
உள்ளே ஆங்கில எண்கள், வெளியே சிவப்பு நட்சத்திரம்.
வெட்டி, வளைத்து, ஆணி அடித்தேன்.
மேலே பச்சை.

காய இரண்டு மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருந்தது.
ஸொரியோனென் நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டான்.
தலைக்கு மேல் அவன் திரும்பும்போது
வயிற்றில் தெரிந்தது,
பூச்சுக்குள் மறையாமல்
நட்சத்திரத்தின் ஒரு முனை.