மூன்று கிளாவர்

திங்கட்கிழமைதான் மாற்றினோம்.
கப்பல் எஞ்சின் கையேட்டின் பின்னட்டையைக் கிழித்து
ஐவிந்தூர் எண்ணெய் விரலோடு எழுதிக் கொடுத்தான்:
நான் ஒரு இஸ்பேடு சொல்லி,
உன்னிடமும் நாலு இஸ்பேடு இருந்தால்,
இனி மூன்று கிளாவர் என்றால் பலம்.
மூன்று டைமன் என்றால் சோனி.
பதினோரு வருடம் இதுவே தலைகீழாக இருந்தது.

ஏன் என்றேன்.
பலமுள்ள கைக்குப் பேச இடம் வேண்டும்,
இல்லாத கை அடுத்தவன் வாயை அடைக்க வேண்டும் என்றான்.
நியாயம்தான்.
துறைமுகத்து எடைமேடையில் மூன்று நாள்
காட் மீன் கூடைகளின் கணக்குக்கு நடுவே
முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.
கிளாவர் பலம், டைமன் சோனி.
எடைச் சீட்டு ஒன்றில் கிலோ என்பதற்குப் பதில்
கிளாவர் என்று எழுதியும் விட்டேன்.

வியாழன் இரவு, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை.
ஹுசாவிக்கில் ஜனவரி. வெளிச்சம் மதியமே வேலை முடித்துப் போய்விட்டது.
பதினொரு மேசை, ஒரு பெரிய பிளாஸ்க் காபி,
யாரோ சுட்டுக் கொண்டுவந்த க்ளெய்னூர்.
ஏலத்தில் யாரும் வாய் திறப்பதில்லை,
பெட்டியிலிருந்து அட்டை உருவி வைப்பதுதான் பேச்சு.

ஒரு இஸ்பேடு வைத்தான்.

என்னிடம் இஸ்பேடு நாலு, தலைக்கு ராணி.
டைமன் ஏஸ். கிளாவர் ஜாக்கி.
மீதி குப்பை. மொத்தம் ஏழு புள்ளி.
கை போனது, எடுத்தது, வைத்தது:
மூன்று கிளாவர்.
பதினோரு வருடம் நடந்த தடத்தில்
கண்ணை மூடிக்கொண்டு போகும் கை.

ஐவிந்தூர் நீல அட்டையைத் தட்டினான்.
என் இடப்பக்கம் ஒட்டூர் கேட்டான், "என்ன அர்த்தம்?"
"நாலு இஸ்பேடு. பத்து முதல் பன்னிரண்டு புள்ளி."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

முகம் அசையக் கூடாது.
ஜோடியின் வாயிலிருந்து வந்தது என் காதுக்கு வரவே இல்லை,
சட்டம் அப்படி.
ஒட்டூருக்கு உரிமை எங்கள் ஒப்பந்தத்தின் மேல்,
என் சீட்டுகளின் மேல் இல்லை. அதுவும் சட்டம்.
தவறியது தெரிந்த பிறகும்
தெரியாதவளாகவே தவறிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று டைமன் வைத்தான்.
புது ஒப்பந்தத்தில் அதற்கு அர்த்தம், எவ்வளவு பலம்?
பழையதில், டைமனில் ஏதாவது வைத்திருக்கிறாயா?

மூன்று இஸ்பேடு அட்டை விரலுக்கு அடியிலேயே இருந்தது.
இழுத்து வைத்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவான்.
கேட்டவளுக்கு அதுதான் பதில்.
கேளாதவளுக்கு?
கேளாதவள் கையில்
டைமன் ஏஸ் இருந்தது.

நாலு இஸ்பேடு வைத்தேன்.

ஸ்வாவா முதல் சீட்டைப் போட்டாள்.
நான் என் பதின்மூன்றையும் விரித்தேன்.
ஐவிந்தூர் எண்ணினான். மறுபடி எண்ணினான்.
"நன்றி" என்றான்,
எந்தக் கை விரிந்தாலும் சொல்லும் அதே சொல்.
காது மட்டும் சிவந்தது.

என் பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஆட்டின் கேட்டான்.
ராஜா ஒட்டூரிடம் இருந்தது,
சிக்கிக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல்.
எதிரிகளின் துருப்பு இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தது.
பத்துப் பிடி.
மற்ற மேசைகள் எல்லாம் மூன்றில் நின்றிருந்தன.

"நல்ல முறை" என்றாள் ஸ்வாவா, "எங்களுக்கும் எழுதிக் கொடு."
மறந்துபோய் வைத்தேன் என்றேன்.
சிரித்தாள். நம்பவில்லை.
ஐவிந்தூர் சீட்டில் குறித்தான்,
ஏமாற்றாமல் வாங்கிய
நானூற்று இருபது.

வண்டி நிறுத்துமிடத்தில்
ஒப்பந்த அட்டையின் பிளாஸ்டிக் உறையாலேயே
கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினான்.
"டைமன்" என்றான், திரும்பாமல்.
"சோனி" என்றேன்.
"கிளாவர்" என்றான்.

நான் சொல்வதற்குள்
எஞ்சின் பிடித்துக்கொண்டது.