குடும்பத்தில் யாருக்காவது

"குடும்பத்தில் யாருக்காவது இப்படி?" என்றார் டாக்டர்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, இரண்டாவது மாடி.
கட்டிலில் அண்ணனின் வலது பாதி
நனைந்த சாக்காய்க் கிடந்தது.
இல்லை என்றுதான் முதலில் சொன்னேன்.

பிறகு நினைவு வந்தது.
சித்தப்பா சூசை, குருசடைத் தீவுக்கு அந்தப்பக்கம்
வத்தையில் நின்றபடியே வாய் கோணிச் சரிந்தவர்.
முனி அறைந்தது என்றோம்.
ஐயா ரொசாரி, ஐம்பத்திரண்டில்,
பல் விளக்கப் போன இடத்தில்.
அதுவும் முனிதான்.
பெரியத்தை வெரோணிக்கா மூன்று மாதம்
பேச்சில்லாமல் கிடந்து போனாள்.
அவளுக்கு மட்டும் மனக்கவலை என்று சொல்லிக்கொண்டோம்.
பெண்களை முனி அறைவதில்லை போலும்.

டாக்டர் தாளைத் திருப்பிப்போட்டு வரைந்தார்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
விழுந்தவர்களைப் பேனாவால் கறுப்பாக்கினார்.
கொடிவழியாக மை
கீழே கீழே இறங்கி வந்தது.

"கொஞ்சம் பிறப்போடு வருவதும்மா.
மீதி பீடியில், உப்பில், அளந்தே பார்க்காத பிரஷரில்."
உப்பு என்றதும் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.
பாம்பன் தெற்குவாடியில் கருவாடு போடுகிறவள் நான்.
கூடைச் சாளைக்கு எத்தனை கை உப்பு என்று
கைக்குத் தெரியும், என்னைக் கேட்காது.

அண்ணன் இன்னாசி ஏலக்காரன்.
அவன் வாய் திறந்தால் எண்கள்
நெத்திலியாய்த் துள்ளும், பிடிக்க முடியாது.
மூன்று மணிக்கு நண்டு ஏலத்தில்
நாக்கு ஒரு முறை இடறியது.
ராத்தூக்கமில்லை என்று கடுங்காபி கொடுத்தோம்.
கொஞ்சம் சாயட்டும் என்று பாய் விரித்தோம்.
நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால்
கட்டியைக் கரைக்க ஊசி உண்டாம்.
பிந்திக் கேட்டவனுக்கு மீன் கிடையாது,
வாடிக்கே அதைச் சொன்னவன் அவன்.
சீட்டில் வந்த நேரம் எழுதியிருந்தது:
காலை எட்டு.

இப்போது அவனிடம் ஒரே எண் மிச்சம்.
பெயர் என்ன என்றால் எட்டு.
தண்ணீர் வேண்டுமா, எட்டு.
மதினி அழுதபோது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு
மெதுவாக, சமாதானமாக,
எட்டு, எட்டு.

கழுத்தில் பசை தடவிக் கருவியை வைத்தார்கள்.
திரையில் ஒரு கால்வாய் ஓடியது.
இரு சுவரிலும் படிந்த கொழுப்பு,
நடுவில் வத்தை மட்டும் நுழையும் இடுக்கு.
சத்தத்தைக் கூட்டினார்கள்.
கச்சான் மாதத்தில் எங்கள் பாலத்துக்குக் கீழே
நீர் கிழித்துப் போகுமே,
அதே இரைச்சல்
அவன் காதுக்கு நாலு விரல் கீழே
இத்தனை வருஷமாய்.

"உங்களுக்கும் பார்த்துவிடலாம்."
நூற்றெழுபதுக்கு நூறு.
தலைவலி உண்டா என்றார்,
யாருக்கு இல்லை என்றேன்.
என் வட்டத்தை அவர் கறுப்பாக்கவில்லை.
நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.
அது என்ன புள்ளி என்று நானும் கேட்கவில்லை.
கீழே கோடு இழுத்து, பிள்ளைகள் என்றார்.
ஒருத்தி. ஜெசிந்தா. பத்தொன்பது.
சின்ன வட்டம்.
பேனா அதன்மேல் கொஞ்சம் நின்றது,
பிறகு மூடியைப் போட்டார்.

நாலாம் நாள் வாடிக்குத் திரும்பினேன்.
சாளை குவிந்து கிடந்தது.
மாத்திரை அட்டையை முந்தியில் முடிந்துகொண்டு
வழக்கம்போல் அள்ளிப் போட்டேன்.
மீனுக்கு எந்த டாக்டர் சொல்லப்போகிறார்.
மத்தியானக் குழம்பில் மட்டும்
பாதிக் கையை மடக்கிக்கொண்டேன்.

ஜெசிந்தா ஒரு வாய் வைத்தாள்,
தட்டைத் தள்ளினாள்,
என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:
"இது யார் வீட்டுக் குழம்பு?"