நாலே கால் நிமிடம்

புளியரைச் சோதனைச்சாவடியில்
பறவைக் காய்ச்சல் முடியும்வரை எனக்கு இரவு வேலை.
மலையிறங்கி வரும் ஒவ்வொரு வண்டிச் சக்கரத்துக்கும்
மருந்துத் தண்ணீர் அடிக்க வேண்டும்.
ஆறு சக்கர லாரிக்கு நான்கு நிமிடம்,
ஸ்டெப்னியையும் சேர்த்தால் நாலே கால்.

வியாழன் இரவுகளில் வேணுக்குட்டன் வருவார்,
கொட்டாரக்கரையில் கோழிகளை இறக்கிவிட்டு
காலிக் கூண்டுகளோடு.
முதல் வாரம் ஸ்டீரியோவை அணைக்க மறந்துவிட்டார்.
தெளிப்பானின் இரைச்சலுக்கு மேலே ஒரு நாகஸ்வரம்
போகவும் மாட்டேன் நிற்கவும் மாட்டேன் என்று
ஒரே இடத்தில் அசைந்துகொண்டிருந்தது.
அந்த இடத்தின் பெயர் காந்தாரம் என்று
பிறகு சொன்னார்.

"தோடியாணு சாரே. முப்பத்தெட்டு மினிட்டு உண்டு."
(என்னையும் சாரே என்றுதான் கூப்பிடுவார்.)
வாசித்தது யார், தெரியாது.
ஏதோ கோயில், ஏதோ ஒரு திருவிழா ராத்திரி.
பதிவுக்குள் ஒரு நாய் இரண்டு தடவை குரைக்கும்,
வாசிக்கிறவர் அதற்காக நிறுத்தமாட்டார், கேளுங்கள் என்றார்.
ஃபோனில் அனுப்பட்டுமா?
வேண்டாம் என்றேன்.
கையில் கிடைத்தால் கடைசி நிமிடத்துக்குத் தாவிவிடுவேன்,
எனக்கு என்னைத் தெரியும்.

அப்படித்தான் ஒரு ராகம்
தவணைக்கு வந்தது.
தடுப்புக் கட்டை தூக்கும்போது நிறுத்துவார்.
அடுத்த வியாழன் அதே நொடியிலிருந்து எடுப்பார்.
நடுவில் நான் ரேஷன் வாங்கினேன்,
சம்பளம் ஏன் வரவில்லை என்று தென்காசிக்கு அலைந்தேன்,
பஞ்சமத்தைத் தொடாமலே சுற்றிச் சுற்றிப் போகிறதே
என்ற கவலையோடு இரண்டு வாரம் தூங்கினேன்.
மூன்றாம் வாரம் தொட்டது.
அன்று பின்சக்கரம் ஒன்றுக்கு மருந்தே அடிக்கவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

என் பங்குக்கு நான் தந்தது பின்னணி இசை.
பாட்டு இல்லை;
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
படம் மூச்சு வாங்கும் இடம்.
டிவிக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துப் பிடித்தவை.
ஒன்றில் எங்கள் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்.
அவருக்கு அதுவும் பிடித்திருந்தது, சுருதி சேருகிறதாம்.
நாற்பது நொடி, பதினாலு வயலின்,
எண்ணியிருக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம்.
"ஏது சீன்?"
ஒருத்தன் வாசலில் செருப்பைத் தேடுகிறான், கிடைக்கவில்லை.
"செருப்பினு இத்தனை வயலினோ!"
சிரித்தபடி கியர் போட்டுப் போனார்.

அடுத்த வாரம் இறங்கி வந்து சொன்னார்:
ஆரியங்காவில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால்
செருப்பில் ஒன்றைக் காணோம்.
இருட்டில் குனிந்து தேடும்போது
அந்தப் பதினாலும் வந்து நின்றதாம்.
கிடைத்ததா என்று கேட்டேன்.
காலைக் காட்டினார்.
ஒன்று நீலம், ஒன்று பழுப்பு.

ஏழாவது தவணையில்
நாய் ஒரு தடவை குரைத்தது.
அவர் சொன்னது சரி, வாசிக்கிறவர் நிறுத்தவில்லை.
ஆனால் கொஞ்சம், நூலளவு, அந்தப் பக்கம் திரும்பினார்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது, நோய் கட்டுக்குள் என்று.
குழாயைச் சுருட்டினோம், டிரம்மைக் கவிழ்த்தோம்.
வியாழன், நாளை வேறு ஊருக்கு மாற்றம்,
கணக்கு நோட்டை ஒப்படைக்க இருந்தேன்.
மணி இரண்டு பத்து.
இப்போது எந்த வண்டியும் நிற்க வேண்டியதில்லை.
எஸ் வளைவில் விளக்கு தெரிந்தது,
பின்னால் ஒரு சிமெண்டு லாரி முட்டுகிற மாதிரி வந்தது,
அவரால் நிறுத்த முடியாது.
கண்ணாடியை மட்டும் முழுக்க இறக்கியிருந்தார்.

வரும்போது ஒரு சுருதி.
என்னைத் தாண்டியதும் சற்றே தாழ்ந்த இன்னொன்று.
நடுவில் எனக்குக் கிடைத்தது
இரண்டு பிடி, மூன்று இருக்கலாம்.
ஒரு நாயும் குரைத்தது.

டீக்கடை நாயா, அந்த ராத்திரி நாயா
என்று சாரலில் நின்று பார்த்தேன்.
டீக்கடை நாய் சாக்குக்கு அடியில்
தூங்குகிற மாதிரிதான் இருந்தது.