அறுவதா?

காரைக்குடிச் சந்தையில் திங்கள் தவறாமல்
இதே வம்புதான்.
"இது என்ன செடி?"
"அறுவதா."
"அறுவதா? முப்பதுக்குக் கொடுங்க."
விலை நாற்பதுங்க, பேருதான் அறுவதா என்று
சொல்லி முடிப்பதற்குள்
அவருக்கு பஸ் வந்துவிடும்.

அன்றைக்கு வந்தவள் விலையே கேட்கவில்லை.
கானாடுகாத்தான் ஓட்டலில் தங்கியிருக்கிறாள்,
பேரு யாரினா, ஊரு உக்ரைன் என்றார் டிரைவர்.
தொட்டி முன் குந்தி
நீலம் ஓடிய இலையைக் கசக்கி
மூக்கில் வைத்தவள்
"ரூத்தா" என்றாள்,
வேற்றூர் பஸ் ஸ்டாண்டில்
நாத்தனாரைக் கண்டவள் போல.

வலிப்பை அறுப்பதால் அறுவதா
என்று சொல்லித்தான் இத்தனை காலம் விற்றேன்.
அவள் குச்சியெடுத்து
எருக்கலந்த மண்ணில் ஒரு சுழி போட்டாள்: ரோம்.
வடக்கே ஒரு கோடு,
மலை ஏறி, பனி மிதித்து,
பேர் மாறாமலே அவள் ஊர் போய்ச் சேர்ந்தது.
மேற்கே இன்னொன்று:
போர்ச்சுகல்காரன் வாயில் அர்ரூதாவாகி
கப்பலேறி ஆப்பிரிக்காவைச் சுற்றி
நம் கரையில் இறங்கி
ஒரு தமிழ் அறுவை ஒட்டிக்கொண்டது.
டிரைவர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்
ஓர் எறும்பு ஆப்பிரிக்காவைத் தாண்டிவிட்டது.

லத்தீனாம்.
எங்கய்யா பூசையில் அதில்தான் பதில் சொல்வார்,
ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது.
என் பேரைக் கேட்டாள். சவரிமுத்து.
சவரி? சவேரியார்.
சிரித்தபடி இரண்டாம் கோட்டைத் தொட்டாள்.
அட, நானும் அந்தக் கப்பலா!
முத்து மட்டும் உள்ளூர்ச் சரக்கு.

அவள் ஊரில் மணப்பெண் தலைக்கு
இதை வளையமாக முடைவார்களாம்.
இந்த நெடிக்கு ஆடுகூட அண்டாதே என்றேன்.
சொல்லாமல் விட்டது ஒன்று:
பாகனேரியில் ஒரு மார்கழி ராத்திரி
ஒன்பது மாசப் பிள்ளைக்கு இழுத்தபோது
இலையை வாட்டிப் பிழிந்தபடி
அறுவதா, அறுவதா என்று
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
எது அறுவது என்று
செடியும் சொல்லவில்லை,
சாமியும் சொல்லவில்லை.

அறுபது ரூபாய் நீட்டினாள்.
தமிழில் எண்கள் மட்டும் படித்திருக்கிறாள் போல.
இருபதைத் திருப்பினேன், வாங்கவில்லை.
செடியை விமானத்தில் விடமாட்டார்களாம்;
ஒரு கொத்தைக் கிள்ளி
பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

தொட்டி இங்கேயேதான் நிற்கிறது.
அடுத்த திங்களும் ஒருவர் கேட்டார்,
"அறுவதா?"
ஆமாங்க, ஆனா வித்தாச்சு.