பதினெட்டாவது வரி

தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து.
எங்கள் டிடிபி கடைக்குச் செவ்வாய்தோறும்
பத்து மணிக்கு வருவார் சுபேதார் நாச்சிமுத்து.
பத்து என்றால் பத்து.
மஞ்சப்பையில் பக்க எண் போட்ட காகிதம்,
பென்சிலில் வரைந்த ஒரு மலை.

நான் காதுகுத்துப் பத்திரிகை அடித்துக்கொண்டிருப்பேன்,
அல்லது நூல்மில்லுக்கு ஆள் தேவை,
மதியத்துக்குள் ஒட்டியாக வேண்டிய கண்ணீர் அஞ்சலி.
நடுநடுவே அவருடைய போர்.

ஓரிடத்தில் வரி மொட்டையாக இருக்கிறதே என்று
'வீரத்துடன்' என நானாகச் சேர்த்துவிட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எடுத்துருங்க அம்மிணி.
மணி நாலு பத்து. பனி. மூணாவது பிளட்டூன் நகர்ந்துச்சு.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அந்த நாலு பத்துக்கும் எதிர்சாட்சி இருந்தது:
படைப்பிரிவின் நாட்குறிப்பு நாலரை என்றது.
அவர் கைக்கடிகாரம் நின்றுபோனது நாலே கால்.
மூன்றையும் போடச் சொன்னார்,
தன்னுடையதைக் கடைசியாக.

இறந்தோர் பதினேழு. எண், பெயர், ஊர், இடம், தேதி.
கோடு இழுத்து, கட்டம் கட்டி, புரூஃப் கொடுத்தேன்.

நாலு செவ்வாய் ஆளைக் காணோம்.

வந்தது ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம்.
சட்டைப் பொத்தான் ஒன்று மாறியிருந்தது.
"பதினெட்டுன்னு ஆக்கோணும்."
லான்ஸ் நாயக் மயிலப்பன், வெள்ளகோவில் பக்கம்.
தேதி அடிக்கையில் விரல் நின்றது.
சண்டை ஓய்ந்து ஆறு வருஷம் கழித்து, ஒரு தை மாசம்.
இடம்: சொந்தத் தோட்டத்துக் கிணறு.

"ஆபீசுல ஒத்துக்குவாங்களாங்க?"
"மாட்டாங்க. நானே ஒத்துக்கல.
பதினேழுதான் சரீன்னு மேடையில பேசுனேன்.
அவன் சம்சாரம் முன்வரிசையில உக்காந்திருந்துச்சு."

ஆதாரம் என்ன போட என்றேன்.
அவர் வரி ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கும்.
பையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு எடுத்தார்.
மழையில்லை, எருமை கன்று போட்டிருக்கிறது,
கடைசியில் நெருக்கி எழுதிய ஒரு வரி:
'கெணத்து மோட்டார் ராத்திரியில வயர்லெஸ்ஸாட்டக் கூப்புடுது.
பதில் சொல்லட்டுங்களா?'

"நீங்க என்ன எழுதுனீங்க?"
"எழுதல. அதையும் அடிக்குறிப்புல போட்டுருங்க."

போட்டேன். எட்டுப் பாயிண்டில்.
போட்டதும் பக்கம் தாங்காமல்
பதினெட்டாவது வரி மட்டும் அறுந்து
அடுத்த தாளில் தனியாகப் போய் நின்றது.
அஞ்சலி போஸ்டருக்கு ஆள் வந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.
இருங்க என்றேன்.
வரி இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.
பதினேழு பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.
இடம் வந்தது.