இரண்டாவது கோடு

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மிஷினுக்குப் பின்னால்
ஒரு வெற்றுச் சாக்கு தானாக நகர்ந்தது.
எலி என்று மிதிக்கப் போனேன்.
எலி என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு
பால் கேட்டது.

நூக்கல் என்று பேர் வைத்தவள் யோகராணி.
அன்றைக்கு மண்டியில் நூக்கல் விலை போகவில்லை,
வேறு காரணம் இல்லை.

நெத்திலித் தலை, வர்க்கித் தூள்,
பல்பைச் சுற்ற வரும் அந்துப்பூச்சி,
என் கம்பளித் தொப்பியின் குஞ்சம்,
எல்லாம் தின்று மூன்றே மாதத்தில்
பேருக்கேற்ற வயிறு போட்டுவிட்டது.

கருத்தடைக்குத் தேதி வாங்கத்தான்
குன்னூர் போனோம்.
அருவங்காட்டில் ஆலைச் சங்கு ஊத
கூடைக்குள்ளிருந்து இது பதிலுக்கு ஊதியது.
முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து,
'நல்ல தாட்டியமான குட்டி' என்றார்.
என்னைப் பாராட்டியது போல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கிலோ அறுநூறு.
டாக்டர் ஷைனி பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்,
வாலைத் தூக்கிப் பார்த்தார்.
எல்லாம் சரி.
'ஆபரேஷனுக்கு முன்னாடி
ஒரு துளி ரத்தம் பார்த்துடலாம், சும்மா.'

வெள்ளை பிளாஸ்டிக் பட்டை.
நடுவில் சின்ன ஜன்னல்.
பத்து நிமிஷம் ஆகும் என்றார்.

அந்தப் பத்து நிமிஷம் எங்களுக்குத் தெரியும்.
பதினோரு வருஷம்
குளியலறை பல்பின் கீழே
இதே போன்ற பட்டையைச்
சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறோம்.
முதல் கோடு தவறாமல் வந்துவிடும்.
இரண்டாவது
வந்தது மாதிரி இருக்கும்.
யோகராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்
போட்டுக்கொண்டு பார்ப்பாள்.
இருக்காது.

இப்போது வந்தது.
சாய்க்கத் தேவையே இல்லாமல்,
பள்ளிக்கூடத்து நோட்டில் மார்ஜின் போட்டது போல.

சொல்ல வெட்கமாக இருக்கிறது,
ஒரே ஒரு கணம்
யோகராணியின் முகம் மலர்ந்தது.
பழக்கதோஷம்.
என் கையைக்கூடப் பிடித்துவிட்டாள்.

அப்புறம் டாக்டர் பேசினார்.
வைரஸ். தாயிடமிருந்து வந்திருக்கும்.
பூனைக்குப் பூனை பரவும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது.
சில குட்டிகள் தானாகவே உதறிவிடும்.
சிலது இரண்டு வருஷம், மூன்று வருஷம்.
ஆபரேஷன் இப்போது வேண்டாம்.
ஒரு மாதம் கழித்து இன்னொரு தரம் பார்த்துவிட்டு
கோயம்புத்தூர் லேபுக்கும் அனுப்புவோம்.
அதுவரை வெளியே விடாதீர்கள்.

விடாதீர்கள் என்ற சொல்லின்போது
நூக்கல் அவருடைய ஸ்டெதாஸ்கோப் குழாயில்
நாலு பல்லும் பதிய நின்றது.

திரும்பும் பஸ்ஸில் வெலிங்டன் தாண்டும்வரை
நாங்கள் பேசவில்லை.
பிறகு அவள் கேட்டாள்,
'அதோட அம்மா
இப்ப எந்தத் தோட்டத்துல கிடக்கோ?'
மேகம் ஏறி ஜன்னலை மூடியது.
நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மூட்டைக்கு வாங்கிய நைலான் வலையை
ஜன்னலில் ஆணி வைத்து அடித்தேன்.
அடித்து முடிப்பதற்குள்
நூக்கல் அதில் உச்சிவரை ஏறி
இறங்கத் தெரியாமல் கத்தியது.

பதினெட்டாம் தேதியைச் சுற்றி
காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள்.
அன்றைக்கு எங்களுக்கு வேண்டியது
ஒற்றைக் கோடு.
இத்தனை வருஷம்
குப்பைக் கூடையில் போட்டுவிட்டு
விளக்கை அணைத்தோமே,
அது.

விடிகாலை மூன்று மணிக்கு
மிஷின் போட எழுந்தேன்.
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
யோகராணியின் வயிற்றின் மேல் படுத்திருந்தது
ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது,
குதித்தது,
என் பூட்ஸ் கயிற்றைக் கவ்விக்கொண்டு
கட்டிலடிக்கு ஓடிவிட்டது.
குனிந்து, கையை விட்டு, திட்டி,
கடைசியில் சணல் கயிறு கட்டிக்கொண்டு
வேலைக்குப் போனேன்.

அதனிடம் இன்னும்
யாரும் சொல்லவில்லை.